மூன்றாம் எச்சரிக்கை

ரோஸ் ஹில்லில், காலணிக் கடைக்கு மேல் மாடியில்
எங்கள் சுவர் மஞ்சளாயிருந்தது.
அறுபத்துநான்கு சீட்டுகள்.
செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, சரிபார்ப்பில், முடிந்தவை:
நான்கு பத்திகள், நான்கு தலைப்பும் என் கையெழுத்து.
போர்ட் லூயி துறைமுக வாசலில்
எந்த லாரி எந்தக் கன்டெய்னரை ஏற்றலாமென்று
சொல்லுகிற மென்பொருள் எங்களுடையது.
பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும்.
திட்டுவது கிரியோலில்.
தமிழ் காவடி நாளோடு சரி.

தினமும் ஒன்பதரைக்கு நின்றபடி கூட்டம்.
நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன.
"தடை ஒன்றுமில்லை" என்பான் சூபென்,
பதினோரு நாளாக நகராத சீட்டைப் பார்த்தபடி.
கால் வலித்தால் பேச்சு சுருங்குமென்று
யாரோ கண்டுபிடித்த முறை.
நாங்கள் சுவரில் சாய்ந்து நிற்கக் கற்றுக்கொண்டோம்.

பிப்ரவரியில் புயல்.
முதல் எச்சரிக்கைக்கு ரொட்டியும் பேட்டரியும் வாங்கினோம்.
இரண்டாவதற்குப் பள்ளிகள் மூடின;
வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை வெளியீடு
என்னவாயிற்று என்று கேட்டார்.
மூன்றாவது வந்ததும் அவரும் கேட்கவில்லை.
பேருந்து நிற்குமுன் தீவே வீடு போய்ச் சேர்ந்தது,
எவர் ஒப்புதலுக்கும் காத்திராமல்.
இத்தனை தெளிவாக ஒரு விதியை
நான் எழுதியதுண்டா என்று
மெழுகுவர்த்தி முன் உட்கார்ந்து யோசித்தேன்.
இல்லை. என் விதிகளுக்கு
பதினான்கு பக்கமும் ஒரு பின்னிணைப்பும் இருந்தன.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தால்
தெற்கு ஜன்னல் கொக்கி பிடுங்கிக்கொண்டு
சுவர் வெள்ளை. தரையில் மஞ்சள் கூழ்.
ஒன்றே ஒன்று மேசைக்காலில் ஒட்டிக்கிடந்தது, மை கலையாமல்:
"ஜன்னல் கொக்கி மாற்றவும். முன்னுரிமை: கடைசி."
போன வருஷத் தேதி.
நஸ்ரீன்தான் முதலில் சிரித்தாள்.
பிறகு நிறுத்த முடியவில்லை யாருக்கும்.

நினைவிலிருப்பதை எழுதுங்கள் என்றேன்.
கொக்கியையும் சேர்த்துப் பத்தொன்பது தேறியது.
மிச்சம் நாற்பத்தைந்தும் எங்கே போயின?
ஒருவருக்கும் தெரியவில்லை,
ஒருவரும் தேடவுமில்லை.
ஒரு வருஷம் அவற்றின் கீழ் குனிந்து நடந்திருக்கிறோம்.

ஆனால் அந்தப் பத்தொன்பதை ஒட்டும்போது
ழான்-லூக் ஒன்றைச் சரிபார்ப்பில் வைத்தான்.
"இது உங்களிடம் இருக்கிறது" என்றான்.
நஸ்ரீன் இரண்டு. "இவையும்."
சூபென் ஒன்றும் சொல்லாமல் தன்னுடையதை ஒட்டினான்.
பதினொன்று.
பதினொன்றும் என் இரண்டெழுத்து ஒப்பத்துக்குக் காத்திருந்தன.
தினமும் காலையில்
தடை என்ன என்று கேட்டுக்கொண்டு
தடை நின்றுகொண்டிருந்தது, பேனாவைக் காதில் செருகி.
சூபென் பொய் சொல்லியிருக்கவில்லை.
மரியாதை காட்டியிருக்கிறான்.

அன்றே என் பத்தியை அழித்தேன்.
ஒருவர் எழுதியதை அடுத்த நாற்காலிக்காரர் பார்க்கட்டும்.
கையில் மூன்றுக்கு மேல் வேண்டாம்.
பதினான்கு பக்கம் பின்பக்கம் வெறுமையாயிருந்ததால்
அச்சுப்பொறிக்குத் திரும்பப் போயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால்
ஏதாவது மாநாட்டில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பேன்.

மார்ச்சில் துறைமுக வாசலிலிருந்து வேலாய்தோம் அழைத்தார்.
"குளிர்பெட்டிக்கு மணி அடிக்க வேண்டுமென்று
நவம்பரில் சொன்னேனே?"
சூரை மீன், இருபத்தாறு டன்,
மின்சாரம் பிடுங்கப்பட்டு நான்கு மணி நேரம் வெயிலில்.
நாங்கள் தேடாத நாற்பத்தைந்தில் ஒன்று.
கூட்டிப் பெருக்கியதை
இலகுவானோம் என்று எண்ணியிருந்தோம்.

இப்போது புதன்தோறும் அவர் படியேறி வருகிறார்,
காப்புக் காலணியோடு, மூச்சு வாங்க.
தன் சீட்டைத் தானே எழுதுகிறார், பெரிய எழுத்தில்,
இரண்டு பத்திகளுக்கும் நடுவே கோணலாக ஒட்டுகிறார்.
யாரும் நேராக்குவதில்லை.
போகும்போது தெற்கு ஜன்னலை
ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.